பேசும் படமும் கேளாச் செவியும்

சினிமா நடிகரைப் பற்றி எழுதப் புகுவோர் தமக்குப் பிடித்தவர் இன்னார் என்று தொடங்கி, பிடியாதவர் இன்னார் என்று முடிப்பதே பெரும்பான்மை வழக்கம். இடையிலே அன்பு இருக்கும். அன்றேல் வெறுப்பு இருக்கும். சான்று மட்டும் இராது. நம் கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்தில் இப்பொருள்பற்றி நிகழும் வாதங்களை யாம் மாணவராயிருந்த காலத்தும் கேட்டோம். ஆசிரியராய்த் திரும்பி வந்த பின்னரும் கேட்டு வருகின்றோம். நடிகர்தம் பெயர்கள் மாறினவேயன்றி வாதம் மாறியதில்லை. ஒருவன் "அது மிகை நடிப்பு" என்பான். மற்றவன் "அதுவன்றோ நடிப்பு" என்பான். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

ஒரு நடிப்பு நம் நெஞ்சில் நெடுங்காலம் தங்குவது எதனால் என்னும் வினாவிற்கு, எமக்கு நேர்ந்த இரண்டு சோதனைகளைக் கொண்டு விடை தேட இங்கு முயல்கின்றோம். அச்சோதனைகளை யாம் விரும்பி அமைத்துக்கொள்ளவில்லை. ஒன்று கையிற் காசில்லாமையால் வந்தது. மற்றொன்று எம் தந்தையாரின் செவிகள் கெட்டமையால் வந்தது.

முதற் சோதனையை முதலிற் கூறுவோம். மதுரையை அடுத்த எம் சிற்றூருக்கு டூரிங் கொட்டகை ஆண்டிற் சில மாதங்களே வரும். வந்தாலும் எமக்கு வாய்ப்பது மாதம் ஒரு படம். எஞ்சிய படங்களையெல்லாம் யாம் கண்டது காதினால். வானொலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஒலிச்சித்திரம்' என ஒன்று வைப்பார்கள். முழுப் படத்தின் ஒலியையும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். தெருவில் வானொலிப் பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே படம் பார்ப்போம். போதாக்குறைக்குக் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கூம்பு ஒலிபெருக்கியைப் புளியமரத்திற் கட்டி, 'திருவிளையாடல்' (1965) கதைவசன இசைத்தட்டுகளைத் தேயத் தேயப் போடுவார்கள். அப்படத்தைக் கண்ணாற் காண்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே அதன் வசனம் முழுவதும் எமக்கு மனப்பாடம். இன்றைய மாணவர் நம்பமாட்டார். படத்தைப் பாராமலே பார்த்த தலைமுறை ஒன்று இந்நாட்டில் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் நடிகருட் பலர் காணாமற் போய்விடுவர். கதாநாயகன் அழகு போகும். கதாநாயகியின் கண்ணீர் போகும். அழுகையைக் காதால் மட்டும் கேட்டால் எல்லாருடைய அழுகையும் ஒன்றுபோலவே இருக்கும். சிலர் மாத்திரம் எஞ்சி நிற்பர். அவருள் எமக்கு முதல்வர் எம். ஆர். ராதா. நாடக மேடையில் பல்லாண்டு நடித்துப் பண்பட்ட 'இரத்தக் கண்ணீர்' 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்திற் படமாயிற்று. அதில் ராதா அயல்நாடு சென்று மீண்ட செல்வனாய்த் தருக்கிப் பேசுவதும், பின்னர்த் தொழுநோயாளனாய்த் தெருவில் உழன்று பேசுவதும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. கரகரத்த குரல் ஒரு வாக்கியத்தின் நடுவே திடீரென மேலே ஏறிக் கீச்சென்று ஒலித்து, அடுத்த சொல்லில் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். இதைக் கேட்டவர் பலர், விகடம் என்று மட்டுமே கொண்டனர். ஏற்றம் வரும் இடங்களைக் கவனித்தால் பிறிதொன்று விளங்கும். பிறரைப் பழிக்கும்போது குரல் ஏறுகின்றது. தன் நிலையைச் சொல்லும்போது இறங்குகின்றது. பார்வையிழந்த ஒருவர் கேட்டாலும் அம்மனிதன் எப்பொழுது பொய்த் தெம்பு பூணுகின்றான், எப்பொழுது மெய்யாகவே வருந்துகின்றான் என்பதை அறிந்துகொள்ளலாம்.

'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் ஏற்ற தருமி அவ்வகையிற் சேர்ந்தவரே. அப்பாத்திரம் வருவது சிறிது நேரமேயாயினும் சிவாஜி கணேசனின் சிவபெருமானோடு சரிக்குச் சரியாய் நினைவில் நிற்கின்றது. பொற்காசு ஆசையும், புலமை இன்மையும், இன்மையை ஒப்புக்கொள்ளாத வீறும் ஒரே மூச்சிற் கலந்து ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்டு யாம் மனத்தில் வரைந்துகொண்ட தருமி குடுமி வைத்த பருத்த பிராமணர். பின்னர்க் கொட்டகையிற் கண்டபொழுது ஈர்க்குச்சி போன்ற ஒருவர் வந்து நிற்கவே, 'இவ்வளவு குரல் இதற்குள் எங்கே இருந்தது?' என்று வியந்தோம். அப்படத்திலேயே டி. எஸ். பாலையா ஏற்ற ஏமநாத பாகவதர் எம் திண்ணைக் கூட்டத்தாரின் தனி விருப்பம். பாட்டுக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. பேச்சுக் குரல் பாலையாவுடையது. இரண்டும் இருவேறு தொண்டைகள் என்பதை அத்திண்ணையில் ஒருவரும் அறிந்திலர். செருக்குடைய பாகவதர் ஒருவர் பாட்டிலும் அப்படித்தான் நிமிர்வார், பேச்சிலும் அப்படித்தான் நிமிர்வார் என்று யாவரும் நம்பினர். பாடியவர் திறம் பாதி. அப்பாட்டிற்கு ஏற்பத் தம் பேச்சைத் தூக்கி வைத்த நடிகர் திறம் பாதி.

நிற்க. இரண்டாவது சோதனைக்கு வருவோம். இதனைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

எம் தந்தையார் ஒரு நூற்பாலையின் நெசவுப் பகுதியில் 1956 முதல் 1995 வரை தறி ஓட்டினார். ஆலையின் பெயர் இங்கு வேண்டா. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின்கீழ் ஓட, ஒவ்வொன்றிலும் நாடா இருபுறமும் மோதி மோதித் திரும்பும். நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் இருப்பவர்க்குக் காலப்போக்கிற் செவி கெடும் என்பது மருத்துவர் கண்ட முடிபு. நாடாத் தறி ஓடும் கூடத்தில் இரைச்சல் அவ்வரம்பிற்கு வெகு மேலே நிற்கும். காதில் அடைக்கப் பஞ்சு தவிர வேறொன்றும் அங்கே கொடுத்தாரில்லை. அப்பஞ்சும் தொழிலாளர் தாமே எடுத்துக்கொண்டது.

இவ்வாறு கெடும் செவியில் எல்லா ஒலியும் ஒருங்கே மறைவதில்லை. உயர்ந்த சுருதியுடையவை முதலிற் போகும். கனத்த ஒலிகள் பின்னும் சில காலம் நிற்கும். ஆதலின் எம் தந்தையார் எம் தங்கையின் குரலை முதலில் இழந்தார். பிறகு எம் அன்னையாரின் குரலை. எம் குரலைக் கடைசியில். சினிமாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சாவித்திரியின் குரல் மறைந்த பின்னும் எஸ். வி. ரங்காராவின் குரல் அவருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. வேலையினின்று ஓய்வு பெற்ற காலத்தில் அதுவும் அடங்கிவிட்டது. செவிக்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அஃது இரைச்சலைப் பெரிதாக்கிற்றேயன்றிச் சொல்லைத் தெளிவாக்கவில்லை. "திரும்ப ஆலைக்குள்ளே போன மாதிரி இருக்கு" என்று கழற்றி மேசை அறைக்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் அவரோடு பேசியது, பேரப்பிள்ளையின் சிலேட்டில் எழுதித்தான்.

ஆயினும் அவரிடம் ஒரு திறமை இருந்தது. தறி இரைச்சலில் வாய்ப்பேச்சு கேளாதாகையால், நெசவுப் பகுதித் தொழிலாளர் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வர். முப்பத்தொன்பதாண்டு அப்பயிற்சி. எதிரிலுள்ளவன் முகத்தில் ஒரு தசை அசைந்தால் அதன் பொருள் அவருக்குத் தெரியும். மேஸ்திரி கோபமாய் வருகிறாரா, கோபம்போற் காட்டிக்கொண்டு வருகிறாரா என்பதை நாற்பது அடி தூரத்தில் கண்டுகொள்வாராம். நடிப்பை மதிப்பிடுவதற்கு இதனினும் சிறந்த பள்ளி யாது? எம் கலாசாலைப் பட்டங்கள் அதற்கு ஈடாகா.

அவர் சினிமாவிற் பெரும் பற்றுடையவர். 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு மதுரைத் தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' வெளிவந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மு. கருணாநிதியின் வசனம் நாடெங்கும் பரவிய காலம். நீதிமன்றக் காட்சியின் வசனத்தை முழுவதும் மனப்பாடமாய் ஒப்பிப்பவர் தெருவுக்கு ஒருவர் இருந்தனர். எங்கள் தெருவில் அவர். காது போனபின் படம் பார்ப்பதை அவர் விட்டுவிடுவார் என்றெண்ணினோர் பலர். விடவில்லை. தொலைக்காட்சியின் ஒலியை எவ்வளவு வைத்தாலும் பயனில்லை என்றதும், அயலாருக்குத் தொல்லையாகாதபடி ஒலியை முற்றும் அடக்கிவிடச் சொன்னார். அவர் தனியே பார்ப்பது எமக்குப் பொறுக்கவில்லை. எனவே இரவு உணவின் பின் யாமும் அருகமர்ந்து ஒலியில்லாமலே பார்க்கலாயினோம். குறுந்தகடுகளிற் சிலவற்றில் அடியில் எழுத்து ஓடிற்று. அவையெல்லாம் ஆங்கில எழுத்து. அவருக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றே. தமிழ்ப் படத்திற்குத் தமிழ் எழுத்து எவர்க்கு வேண்டும் என்று எண்ணினார்கள் போலும்.

இவ்விதம் யாம் பார்த்த படங்கள் பல. ஒலியை அடக்கியவுடன் முதலிற் புலப்பட்டது யாதெனில், பேசுகின்றவரைவிடக் கேட்கின்றவரே நடிப்பின் உயிர் என்பது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ், தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைத் தந்தை பாலையாவுக்குச் சொல்லும் காட்சியைத் தமிழர் அறியாதாரில்லை. ஸ்ரீதர் இயக்கிய அக்காட்சியைக் காதால் கேட்டபொழுது அது நாகேஷின் காட்சி. கதவும் காலடியும் அவர் வாயிலேயே ஒலிக்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் அது பாலையாவின் காட்சி. கனத்த உடம்புடைய மனிதர், பெரும் பணக்காரர், மகனைச் சற்றும் மதியாதவர். அவர் முகத்தில் முதலில் அலட்சியம். அப்புறம் 'என்னதான் சொல்கிறான் பார்ப்போம்' என்னும் சிறு ஆவல். அப்புறம் தம்மையறியாத அச்சம். அச்சத்தைக் கண்டுகொண்டானோ என்னும் நாணம். ஒன்றிலிருந்து ஒன்றிற்கு மாறும் எல்லை தெரிவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். அச்சத்தை ஒன்றாகவும் இளிவரலை ஒன்றாகவும் வைத்தார். இரண்டும் ஒரு முகத்தில் ஒரே கணத்தில் நின்றால் அதற்கு என்ன பெயர் என்று பாலையாவைக் கண்ட பின்னரே கேட்கத் தோன்றுகிறது. எம் தந்தையார் இக்காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "சொல்றவன் சும்மா கையைத்தான் ஆட்டுறான். கேக்குறவன் பாரு, கதையையே பாத்துக்கிட்டு இருக்கான்" என்பது அவர் விமரிசனம். இதனினும் செம்மையாய் இதைச் சொல்ல எம்மால் இயலாது.

அடுத்தபடி, 'மாயாபஜார்' (1957). கே. வி. ரெட்டி இயக்கித் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த படம். கடோற்கசன் மாயத்தால் வத்சலாவின் உருக்கொண்டு மணவீட்டிற் புகுகின்றான். கடோற்கசன் ரங்காராவ், வத்சலா சாவித்திரி. ஆகவே சாவித்திரி, பெண்ணாய்த் தோன்றும் அரக்கனை நடிக்கவேண்டும். அதாவது ரங்காராவைத் தம் உடம்பினுள் வைத்துக்கொண்டு நடிக்கவேண்டும். பிறர் பார்க்கும்போது தலைகுனிந்த மணமகள். பாராத கணத்தில் தோள் அகல்கின்றது, தாடை முன் வருகின்றது, நடை அகலக் கால்வைத்து மிதிக்கின்றது. கைப்பிடிக்கும் வேளையில் மணமகனின் காலை அவள் மிதித்து அழுத்தும்போது முகத்திலே தவழும் நாணத்திற்கும் காலிலே உள்ள பாரத்திற்கும் சம்பந்தமே இல்லை. ஒலியோடு பார்த்த நாளில் யாம் இதனை விளையாட்டாகவே கண்டோம். ஒலியின்றிப் பார்த்த அன்று, முந்திய காட்சிகளில் ரங்காராவ் கையை இடுப்பில் ஊன்றிய விதத்தை அவ்வம்மையார் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கவேண்டும் என்று வியந்தோம். ஒருவர் நடிப்பை மற்றொருவர் தம் நடிப்பினுள் மேற்கோள் காட்டுவது அரிய கலை. இருவரும் தெலுங்கு நாட்டார். எனினும் தமிழைத் தாமே பேசினர். அஃது ஏன் இங்கே சொல்லத்தக்கதென்பது பின்னர் விளங்கும்.

சிவாஜி கணேசனைப் பற்றியே விடுதி வாதங்கள் பெரும்பாலும் எழுவதால், அவர் இச்சோதனையில் எவ்வாறு தேறினார் என்பதைச் சொல்லாதிருத்தல் முறையன்று. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவர் நாதசுவர வித்துவான். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதசுவரத்தில் பொய்யாய் வாசிப்பது எளிதன்று. வீணைக்கு விரல் போதும். இக்கருவிக்கு மூச்சு வேண்டும், மூச்சு கன்னத்தில் தெரியும், கழுத்து நரம்பில் தெரியும், ஒரு நீண்ட பிடியின் முடிவில் கண்ணிமையிற் கூடத் தெரியும். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பெரிய வித்துவான்களின் முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவர் எம் தந்தையார். ஒலி கேளாமலே அவர், 'இப்போது மேலே போகிறான், இப்போது நிறுத்தப் போகிறான்' என்று விரலால் காட்டுவார். யாம் இரகசியமாய் ஒலியைச் சிறிது கூட்டிச் சரிபார்ப்போம், சரியாகவே இருக்கும். மிகை நடிப்பு என்னும் குற்றச்சாட்டைப் பற்றி எம் கருத்து இதுதான்: வெறுமை பெருகினால் அது மிகை. உள்ளே மூச்சு இருந்து பெருகினால் அது பெருக்கமேயன்றி மிகையன்று. எல்லாப் படத்திலும் அம்மூச்சு இருந்ததா எனின், இல்லை. 250க்கு மேற்பட்ட படங்களில் நடித்த எவர்க்கும் அஃது இயலாது.

எம்.ஜி.ஆரைப் பற்றி ஒன்றும் கூறாமல் விட்டால் பழைய மாணவருட் பாதிப்பேர் எமக்குக் கடிதம் எழுதுவர். அவர் வாட்போருக்கும் ஓட்டத்திற்கும் செவி வேண்டியதில்லை; ஒலியில்லாமல் அவர் இழப்பது குறைவு. ஆலையில் தொழிலாளர் இரு கட்சியாய்ப் பிரிந்திருந்தனர் என்றும், தாம் எதிர்க்கட்சி என்றும் தந்தையார் சொல்வார். அவ்வளவே.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடல் தகும். எம்.ஜி.ஆரும் பாலையாவும் முதன்முதல் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி' (1936) படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) ஆகியனவும் அவர் கைவண்ணம் பெற்றவை. அவருக்குத் தமிழ் தெரியாது. சொல் விளங்காத ஒருவர் நடிகரின் முகத்தையும் உடம்பையும் கொண்டே, காட்சி அமைந்ததா இல்லையா என்று துணிந்தார். எம் தந்தையார் நாற்காலியில் செய்ததை அவர் படப்பிடிப்புக் கூடத்திற் செய்தார். நாடக மேடையிலிருந்து நேரே வந்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய நம் நடிகர்க்கு, கேளாத ஒருவர் முன் நடிக்க நேர்ந்தது நற்பேறு என்றே எமக்குத் தோன்றுகிறது.

பேசாப் படங்களையும் தந்தையாருக்குக் காட்ட விரும்பினோம். சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' வந்தது. பேச்சு உலகெங்கும் புகுந்த பின்னும் சாப்ளின் பிடிவாதமாய் வாய்பேசாது நடித்தார். இரண்டில் 'காளிதாஸ்' அழிந்தொழிந்தது, டி. பி. ராஜலட்சுமி அதில் எவ்வாறு நடித்தார் என்பதை நாம் இனிக் காணமுடியாது. 'சிட்டி லைட்ஸ்' எம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிற்று. அரைமணி நேரம் சென்றபின் தந்தையார் எம்மைத் திரும்பிப் பார்த்து, "இதிலே எல்லாருக்குமே காது கேக்காதா?" என்றார். சிலேட்டில் விளக்கம் எழுதினோம். படித்துவிட்டு மிக நேரம் ஒன்றும் பேசவில்லை. பார்வையற்ற பூக்காரி பார்வை பெற்றபின், தனக்கு உதவியவன் இவனே என்று அவன் கையைத் தொட்டு அறியும் இறுதிக் காட்சியில் மட்டும், தம் உள்ளங்கையைத் தாமே ஒருமுறை தடவிக்கொண்டார்.

புதிய படங்களிலே அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. உதடு பார்த்துச் சொல்லறியும் திறத்தால், கதாநாயகி தமிழ் பேசவில்லை என்பதை உடனே கண்டுகொள்வார். "இந்தப் பொண்ணு வேற ஏதோ பாஷையில பேசுது, தம்பி, அவன் தமிழ்ல பதில் சொல்றான். ரெண்டு பேருக்கும் எப்படிக் கலியாணம் ஆகும்?" என்று ஒருநாள் கேட்டார். பின்னால் வேறொருவர் குரல் கொடுத்திருப்பதை எழுதிக் காட்டினோம். 'அப்போ நடிக்கிறது யாரு?' என்பது போலப் பார்த்தார். குரல்கொடுப்போரின் தொழிலை யாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவருட் பலர் திறமைசாலிகள். ஆனால் முகம் சொல்லும் சொல் ஒன்று, செவி கேட்கும் சொல் வேறொன்று என்றாகும்போது நடிப்பு இரண்டாய்க் கிழிகின்றது. கிழிந்த இடம் செவியுள்ள நமக்குத் தெரிவதில்லை, அவருக்குத் தெரிந்தது. சாவித்திரியும் ரங்காராவும் வேற்றுமொழியினராயிருந்தும் அவர்க்கு நெருங்கியவராய் இருந்தமைக்கு இதுவே காரணம்.

அதனினும் பெரிய சங்கடம் பிறிதொன்று. பழைய நடிகர் வாய் திறந்தால் அவர் நினைவிலிருந்து குரல் தானே எழுந்து வரும். 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி ஓடும்போது அவர் உதடுகளும் உடன் அசையும். ஒலியே இல்லாத அறையில் கணேசனும் அவரும் சேர்ந்து வாதிடுவர். ஆனால் செவி போனபின் வந்த நடிகர்க்கு அவரிடம் குரல் இல்லை. ரகுவரனை 'பாட்சா' (1995) படத்திற் கண்டு மிக வியந்தவர், "இவன் குரல் எப்படி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிலேட்டை எம் பக்கம் நகர்த்தினார்.

ஒரு குரலை எழுத்தால் எழுதுவது எவ்வாறு? தமிழாசிரியராய்ப் பல்லாண்டு ஊதியம் பெறுகின்ற எமக்கு அன்றுபோல் இடர்ப்பாடு நேர்ந்ததில்லை. 'அடித்தொண்டை. மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெல்ல' என்று எழுதினோம். படித்தார், தலையசைத்தார், போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 'மணலை வாயிற் போட்டுக்கொண்டு பேசுவது போல' என்று எழுதினோம். அதற்கு, "ராதா மாதிரியா?" என்றார். 'இல்லை, ராதா குரல் மேலே போகும், இவர் குரல் போகாது' என்று எழுதினோம். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வச்சுட்டேன்" என்றார். எந்தக் குரலை எங்கே வைத்தார் என்பது எமக்குத் தெரியாது. நாளடைவில் இஃதொரு வழக்கமாயிற்று. புதிய நடிகர் ஒவ்வொருவர்க்கும் அவரே பழைய குரல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஒருவனுக்கு வீரப்பாவின் சிரிப்பு. ஒருவனுக்குத் தங்கவேலுவின் இழுப்பு. சிலருக்கு எக்குரலும் பொருந்துவதில்லை என்று தள்ளிவிடுவார். அவ்வாறு தள்ளுண்டவர் பெயர்களை இங்கு எழுதமாட்டோம். ஆனால் அவருள் ஒருவரேனும் எங்கள் விடுதி வாதங்களில் நல்ல நடிகர் எனப் பெயர் பெற்றவரல்லர்.

பிரகாஷ்ராஜுக்கு அவர் கொடுத்தது ரங்காராவின் குரல். பொருத்தம் நன்றே, இருவரும் அவசரப்படாதவர். இவ்வேற்பாடு சில ஆண்டுகள் நடந்தது. பின்னர் 2009ஆம் ஆண்டில் 'காஞ்சிவரம்' பார்த்தோம். பிரியதர்ஷன் இயக்கியது, அப்படத்திற்காகப் பிரகாஷ்ராஜ் தேசிய விருது பெற்றார். விடுதலைக்கு முற்பட்ட காலத்துக் காஞ்சிபுரத்து நெசவாளன் ஒருவன், பட்டு நெய்தே வாழ்ந்தும் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை வாங்க வக்கில்லாதவன். பட்டிழையை வாயில் அடக்கிக்கொண்டு முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து சிறுகச் சிறுகக் கடத்தி வந்து, இரவில் மறைவாக நெய்கின்றான். வாயிற் பட்டை வைத்திருப்பவன் பேசமுடியாது. பேசவில்லை என்பதும் பிறர்க்குத் தோன்றக்கூடாது. ஒரு முழுநீளப் பேசும் படத்தின் உயிர்நிலையைப் பேச்சில்லாத வாயில் வைத்தது அக்கதை. அவ்வாயைச் சுமந்தது அந்நடிகரின் முகம்.

எம் தந்தையாருக்கு இது பிறர் கதையன்று. கைத்தறியல்ல, ஆலைத்தறி, பட்டல்ல, பருத்தி, எனினும் மாலையில் ஆலை வாயிலில் உடம்பைத் தடவிச் சோதித்த பின்னரே வெளியே விடும் வழக்கத்தில் முப்பத்தொன்பதாண்டு நின்றவர் அவர். திரையில் சோதனைக்காரன் முன் அந்நெசவாளன் நிற்கும்போது, நாற்காலியில் இருந்தபடியே தம் இரு கைகளையும் சற்று அகற்றித் தூக்கினார். தாம் தூக்கியது அவருக்குத் தெரியாது. நடிகன் நன்றாய் நடித்தான் என்பதற்கு இதனினும் சான்று யாம் தேடவில்லை. பார்ப்பவன் அழுதான், சிரித்தான் என்பன எளிதில் நிகழ்வன; உடம்பு தன்னையறியாது பழைய வேலையைச் செய்வது அரிது.

படம் முடிந்தது. முற்றுப்பெறாத சேலையால் மகளின் உடலைத் தகப்பன் மூடும் காட்சிக்குப் பின் சிறிது நேரம் விளக்கைப் போடாமல் இருந்தோம். பின்னர்ச் சிலேட்டை எடுத்து, 'ரங்காராவ் குரல் இதற்கும் சரிதானா?' என்று எழுதி நீட்டினோம்.

தந்தையார் படித்தார். தலையை ஆட்டினார்.

"இல்லே. இவனுக்கு என் குரல்" என்றார்.

தம் குரலை அவர் கேட்டு அப்பொழுது பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அது எப்படி இருக்கும் என்று அவருக்கு நினைவு இருந்ததா என்று கேட்க எண்ணினோம். சிலேட்டில் இடமும் இருந்தது. எழுதவில்லை. அன்றிரவு வேறு படம் வேண்டா என்று சொல்லிவிட்டார். மறுநாள் உணவு முடிந்ததும் தாமே தகடுகளைப் புரட்டிக் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக் கொடுத்தார். ஒலியை அடக்கிப் போட்டோம்.